கறிவேப்பிலை இலையில் கசகசா அளவு முட்டை: பழைய சின்னக் கேமராவில் கிட்டப் படம் எடுக்க முடியுமா?

கறிவேப்பிலைவீடு (தண்டையார்பேட்டை), சனி காலை 8:05

எல்லோருக்கும் வணக்கம். மொட்டைமாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறோம். நேற்று மத்தியானம் ஒரு பட்டாம்பூச்சி வந்து கொழுந்து இலையில் வயிற்றை வளைத்து ஏதோ வைத்துவிட்டுப் போனதை என் மகள் பார்த்திருக்கிறாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இன்று காலை போய்ப் பார்த்தால் இலை ஓரத்தில் ஒரே ஒரு முட்டை. கடுகை விடச் சின்னது, கசகசாவை விடக் கொஞ்சம் பெரியது. வெளிர்மஞ்சள் நிறம்.

அதைப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். என் போன் அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகவில்லை. பீரோவில் ஒரு கேனன் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் இருந்தது. என் அண்ணன் 2008-ல் துபாயிலிருந்து வாங்கி வந்தது. 7.1 மெகாபிக்சல், 2 பென்சில் பேட்டரி போடுவது. ஜூமை முழுசாக இழுத்து, இலைக்குக் கிட்டே வைத்து 40 படம் எடுத்தேன். ஒன்றும் தேறவில்லை. பச்சையாக ஒரு புகை, நடுவில் மஞ்சளாக ஒரு கறை, அவ்வளவுதான்.

புதுக் கேமரா வாங்கும் நிலையில் இல்லை. இருப்பதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

செல்போதும் (மாதவரம்), சனி காலை 8:31

அக்கா, பழைய கேமராவோடு மல்லுக்கட்ட வேண்டாம். இப்போது குறைந்த விலை போன்களிலேயே கிட்டப் படம் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் தனியாக வருகிறது. பக்கத்து வீட்டில் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்கி எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கணக்குப்பிள்ளை (பெரம்பூர்), சனி காலை 9:02

தம்பி சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மாதிரி போன்களில் பெரும்பாலும் 2 மெகாபிக்சல் மேக்ரோதான். ஃபோகஸ் 4 செ.மீ. பக்கத்தில் நிலையாக இருக்கும், மாற்ற முடியாது. நாணயம் எடுக்கலாம். இந்த முட்டை அதில் ஒரு புள்ளியாகத்தான் வரும்.

சகோதரி, உங்கள் கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் ஜூம் இழுத்ததுதான் கெடுத்தது. இந்த வகைக் கேமராக்கள் எல்லாம் ஜூம் இழுக்காத நிலையில்தான் ரொம்பக் கிட்டே ஃபோகஸ் ஆகும். இழுக்க இழுக்க விலகிப் போகச் சொல்லும். முதலில் இதைச் செய்யுங்கள்:

பின்பக்கம் பூப் படம் போட்ட பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். ஜூமை ஒரு துளிகூட இழுக்காதீர்கள். ஒரு ஸ்கேலை மேஜையில் படுக்க வைத்து, பக்கத்தில் செய்தித்தாளை நிறுத்தி, கேமராவை 10 செ.மீ., 8, 6, 5, 4 என்று நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். திரையில் கட்டம் பச்சையானால் ஃபோகஸ் கிடைத்துவிட்டது. மஞ்சளானால் கிடைக்கவில்லை. எந்த இடத்தில் பச்சை கடைசியாக வருகிறதோ அதுதான் உங்கள் கேமராவின் எல்லை. புத்தகத்தில் 5 செ.மீ. என்று போட்டிருப்பார்கள், ஆனாலும் நீங்களே அளந்து பார்த்தால்தான் கை பழகும். அப்புறம் ஜூமை முழுசாக இழுத்து அதே மாதிரி ஒருமுறை அளந்து பாருங்கள்.

அளந்து பார்க்காமல் யாரும் எதையும் வாங்காதீர்கள் என்று இந்தக் குழுவில் நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். இன்னொரு தடவையும் சொல்லிவிடுகிறேன்.

ரெட்டேரிப்பறவை (கொளத்தூர்), சனி காலை 9:20

அக்கா, வந்த பட்டாம்பூச்சி எப்படி இருந்தது? கருப்பில் வெளிர்மஞ்சள் திட்டுத்திட்டாக, பின்சிறகில் வால் இல்லாமல் இருந்தால் அது எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை மூன்றுக்கும் வரும் இனம். கருப்பாக, பின்சிறகில் வெள்ளைப் பட்டையோடு வால் நீட்டிக்கொண்டிருந்தால் வேறு. இரண்டுமே நம் ஊரில் சாதாரணமாக வரும்.

எதுவானாலும் உங்களுக்கு நேரம் அதிகமில்லை. நேற்று மத்தியானம் வைத்த முட்டை என்றால், இந்த வெயிலுக்கு மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடலாம்.

ஒரு வேண்டுகோள். இலையைக் கிள்ளிக் கீழே கொண்டுவந்து எடுக்காதீர்கள். கிள்ளிய இலை வாடிவிடும். வெளியே வரும் புழு முதலில் முட்டை ஓட்டைத் தின்னும், அடுத்து அதற்குத் தேவை கொழுந்து இலைதான். தூரத்தில் நடந்து போய்த் தேடும் அளவுக்கு அதற்குத் தெம்பு இருக்காது.

கறிவேப்பிலைவீடு, சனி மதியம் 12:40

வால் இல்லை, மஞ்சள் திட்டுதான் என்கிறாள் மகள். உறுதியாகச் சொல்கிறாள்.

கணக்குப்பிள்ளை சார், அளந்துவிட்டோம். ஜூம் இல்லாமல் 5 செ.மீ. வரை பச்சை வருகிறது, அதற்கு உள்ளே போனால் மஞ்சள். ஜூம் முழுசாக இழுத்தால் ஒரு அடிக்கு இப்பால் வரமாட்டேன் என்கிறது. காலையில் நான் அரை அடியில் வைத்து எடுத்திருக்கிறேன், 40 படமும் பாழானதற்குக் காரணம் இப்போதுதான் புரிந்தது.

அப்புறம் பூ பட்டனைப் போட்டு 5 செ.மீ.யில் எடுத்தோம். முதல் தடவையாக அது முட்டை என்று தெரிகிறது! ஆனால் மூன்று பிரச்சினை. ஒன்று, இலை ஆடிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, பிளாஷ் போட்டால் லென்ஸின் நிழல் பாதிப் படத்தை மூடுகிறது, மீதிப் பாதி வெள்ளையாக எரிந்துபோகிறது. மூன்றாவது, கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் முட்டை ரொம்பச் சின்னதுதான்.

உப்புக்காற்று (காசிமேடு), சனி மதியம் 1:15

அக்கா, ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும், கறிவேப்பிலை இலை எந்த மூலைக்கு? தொட்டிச் செடிதானே, இலையைப் பறிப்பதற்குப் பதில் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாடிப்படி வளைவில் ஜன்னல் இருந்தால் அதுதான் நல்ல இடம். காற்று அடிக்காது, வெளிச்சமும் ஒரே பக்கமாக மெதுவாக வரும்.

வெளியிலேயே எடுப்பதென்றால் விடிந்த ஒரு மணி நேரம்தான். நான் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் வலையில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன உயிர்களை எடுப்பேன். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறிவிடும். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் கேமராவைப் பைக்குள் போட்டுவிட வேண்டியதுதான்.

இன்னொன்று. பதினைந்து வருஷத்துக்கு மேல் பீரோவில் இருந்த கேமரா என்கிறீர்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல் தெரிந்தால் பூஞ்சை. நம் பக்கம் கடலோரம், ஈரமும் உப்பும் எதையும் விடாது. என் முதல் கேமரா அப்படித்தான் போனது. இப்போது பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு இறுக்கமாக மூடி வைக்கிறேன்.

ஸ்டூடியோ1984 (பழைய வண்ணாரப்பேட்டை), சனி மாலை 4:50

அம்மா, வணக்கம். நான் ஃபிலிம் காலத்து ஆள். கல்யாண வீடுகளில் மோதிரம், தாலி, மெட்டி எல்லாம் கிட்ட வைத்து எடுத்துப் பழக்கம். உங்கள் மூன்று பிரச்சினையில் இரண்டாவதற்கு என்னிடம் மருந்து இருக்கிறது.

பிளாஷை அணைத்துவிடுங்கள். அந்தக் கேமராவில் பிளாஷ் லென்ஸுக்கு மேலே மூலையில் இருக்கிறது. 5 செ.மீ.யில் பொருள் இருக்கும்போது லென்ஸ் குழாயே நடுவில் நின்று மறைக்கும். எந்த சின்னக் கேமராவாக இருந்தாலும் இதே கதைதான்.

ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும். வலப்பக்கம், முட்டைக்கு ஒரு சாண் தூரத்தில், ஒரு தெர்மாகோல் துண்டை நிறுத்துங்கள். டிவி, மிக்ஸி வந்த பெட்டியில் கிடைக்கும். நிழல் பக்கம் உடனே தெளியும். கண்ணால் பார்த்தாலே வித்தியாசம் தெரிகிற அளவுக்குத் தெளியும். நேர் வெயில் ஜன்னலில் விழுந்தால் பட்டர் பேப்பர் ஒன்றை ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் ஒரு தாள் வாங்கினால் போதும்.

மேலே தார்ப்பாய் ஏதாவது கட்டியிருக்கிறதா? நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்தால் மஞ்சள் முட்டை சாம்பலாகிவிடும். அதற்காகவும் கீழே கொண்டுவருவது நல்லது.

கேமராவைக் கையில் பிடிக்காதீர்கள். ட்ரைபாட் வேண்டாம், 1 கிலோ உப்புப் பாக்கெட் போதும். அதன் மேல் கேமராவை வைத்து லேசாக அமுக்கினால் குழிந்து பிடித்துக்கொள்ளும், நீங்கள் விரும்பிய கோணத்தில் நிற்கும். ஷட்டரை விரலால் அழுத்தும்போதே கேமரா ஆடும் என்பதால் 2 விநாடி டைமரைப் போடுங்கள். அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, 80-ல் வையுங்கள். கேமராவும் இலையும் அசையாமல் இருக்கும்போது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலை இல்லை.

செல்போதும், சனி மாலை 5:30

ஐயா, இவ்வளவு ஏற்பாடு செய்வதற்குள் முட்டை பொரிந்துவிடாதா? எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. 2 மெகாபிக்சலில் தெளிவாக வந்தால் ஒரு குழந்தைக்குப் போதாதா?

ஸ்டூடியோ1984, சனி மாலை 6:05

தம்பி, தொட்டியைத் தூக்கி வைக்க ஐந்து நிமிடம், தெர்மாகோல் தேட ஐந்து நிமிடம். அந்தப் பெண் நேற்றிலிருந்து அந்த முட்டையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணில் பட்டதை விடக் கொஞ்சமாவது கூடுதலாகப் படத்தில் தெரிய வேண்டும், இல்லையென்றால் எதற்காகப் படம்? மா. கிருஷ்ணன் (1912–1996) நம் சென்னைக்காரர்தான். கிடைத்த பாகங்களைச் சேர்த்துத் தானே பூட்டிய கேமராவில் காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தார். அந்தக் கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர்கூட வைத்திருந்தார். கையில் இருக்கும் கருவியை அதன் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்க்கும் சந்தோஷம் தனி.

கணக்குப்பிள்ளை, சனி இரவு 9:10

மூன்றாவது பிரச்சினைக்கு வருகிறேன். கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூம் இல்லாமல் 5 செ.மீ.யில் எடுத்தால் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 6 செ.மீ. இலை அடங்கும். உங்கள் கேமராவில் படம் 3072 பிக்சல் அகலம். ஆக, 1 மி.மீ. முட்டைக்குக் கிடைப்பது சுமார் 50 பிக்சல். அதனால்தான் சின்னதாகத் தெரிகிறது. இதற்கு மேல் கிட்டே போக அந்த லென்ஸுக்கு வழியில்லை.

ஆனால் லென்ஸுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்தால் கதை மாறும். இப்போது ஜூமை முழுசாக இழுக்கலாம், இழுக்கத்தான் வேண்டும். காலையில் ஜூம் வேண்டாம் என்றவனே இப்போது இழுக்கச் சொல்கிறேனே என்று குழம்ப வேண்டாம். கண்ணாடி இல்லாதபோது ஜூம் உங்களை ஒரு அடி தள்ளி நிறுத்துகிறது. கண்ணாடி வந்தபின் தூரத்தைத் தீர்மானிப்பது அந்தக் கண்ணாடிதான்.

கடையில் விற்கும் குளோசப் லென்ஸ்களில் +1, +2, +4, +10 என்று எண் இருக்கும். 100-ஐ அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை செ.மீ.யில் பொருள் இருக்க வேண்டும் என்பது வந்துவிடும். +4 என்றால் 25 செ.மீ., +10 என்றால் 10 செ.மீ. நடைபாதையில் விற்கும் படிக்கிற கண்ணாடி +3 என்றால் 33 செ.மீ. இரண்டு +3 சேர்த்துப் பிடித்தால் +6.

உங்கள் லென்ஸ் வளையத்தில் 5.8-23.2 மி.மீ. என்று பொறித்திருக்கும், பாருங்கள். அது லென்ஸின் குவியத் தூரம். முழு ஜூமில் 23.2. +10 கண்ணாடியோடு எடுத்தால் படத்தின் அகலத்தில் இரண்டரை செ.மீ. மட்டும்தான் அடங்கும். முட்டைக்கு 120 பிக்சல். அதோடு பொருள் 10 செ.மீ. தள்ளி இருப்பதால் வெளிச்சத்தை மறைக்காது. இது பெரிய லாபம்.

உப்புக்காற்று, சனி இரவு 9:48

கணக்குப்பிள்ளை அண்ணா, வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி சரிப்படுமா? தங்கசாலைப் பக்கம் நகைப் பட்டறைகளில் வைரம் பார்க்கிற 10 மடங்குக் கண்ணாடியும் இருக்கும்.

கணக்குப்பிள்ளை, சனி இரவு 10:15

அருமையான யோசனை. மடங்கு என்று எழுதியிருந்தால் 25-ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். 5 மடங்கு என்றால் 5 செ.மீ. தூரம். 10 மடங்கு என்றால் இரண்டரை செ.மீ. தூரம்தான். நகைக் கண்ணாடி ரொம்பச் சக்தி, முதல் முயற்சிக்கு வேண்டாம். வெளிச்சமும் உள்ளே நுழையாது, மூச்சு விட்டாலே ஃபோகஸ் போய்விடும். வாட்ச்காரரின் 5 மடங்கு கிடைத்தால் முட்டைக்கு 250 பிக்சல் வரும். அதுதான் சரியான இடம் என்பேன்.

கறிவேப்பிலைவீடு, ஞாயிறு காலை 11:20

நேற்றிரவே தொட்டியைப் படி வளைவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். உப்புப் பாக்கெட், தெர்மாகோல், டைமர் எல்லாம் ஐயா சொன்னபடி. இலை துளிகூட ஆடவில்லை. எங்கள் வீடு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்குக் கிட்டே. கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும், படமும் கலங்குகிறது. அதனால் மகள் ஜன்னலில் நின்று, லாரி எதுவும் வராத இடைவெளியில் “இப்போ!” என்று சொல்ல, நான் அழுத்துகிறேன்.

எங்கள் தெருமுனையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பழைய கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, “செவ்வாய்க்கிழமை வரைக்கும் வச்சுக்கோம்மா” என்றார். ஓரத்தில் 5 என்று பொறித்திருக்கிறது. இதைக் கேமராவில் எப்படி மாட்டுவது? செல்லோ டேப் போட்டு லென்ஸிலேயே ஒட்டிவிடவா?

ஸ்டூடியோ1984, ஞாயிறு காலை 11:26

அம்மா, ஒட்டாதீர்கள், ஒட்டாதீர்கள்! அந்த லென்ஸ் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருப்பது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் கேமரா தானாக அணைந்து லென்ஸை உள்ளே இழுக்கும். கண்ணாடி ஒட்டியிருந்தால் இடித்துப் பல்சக்கரம் போய்விடும். அப்படிப் போன கேமராக்கள் என் மேஜைக்கே நிறைய வந்திருக்கின்றன, அதற்குச் செலவு செய்வது வீண்.

முதலில் மெனுவில் ஆட்டோ பவர் டவுன் என்பதை நிறுத்துங்கள். அப்புறம் கருப்பு சார்ட் தாளைக் குழாயாகச் சுருட்டுங்கள். லென்ஸ் முழுசாக நீண்ட பிறகும் அதைத் தொடாத அளவுக்கு அகலமாகவும் நீளமாகவும் இருக்கட்டும். குழாயின் ஒரு முனையை லென்ஸைச் சுற்றிக் கேமரா உடம்பில் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுமுனையில் கண்ணாடியைச் செருகுங்கள். பளபளப்பு இல்லாத பக்கம் உள்ளே வரட்டும், இல்லையென்றால் வெளிச்சம் எதிரொளித்துப் படம் வெளுக்கும்.

மறக்காமல் இன்னொன்று: பேட்டரி. பூவும் டைமரும் திரையும் சேர்ந்து சாதாரணப் பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். சார்ஜ் ஏற்றும் பென்சில் பேட்டரி இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்க்கழிமுகம் (கத்திவாக்கம்), ஞாயிறு மதியம் 2:00

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் எழுதத் தோன்றியது. நான் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் சேற்று நண்டுகளை எடுப்பவன். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்குமே, அது. என்னிடமும் சின்னக் கேமராதான்.

அதில் எனக்குக் கிடைத்த ஒரு லாபத்தைச் சொல்ல வேண்டும். பெரிய கேமரா வைத்திருக்கும் நண்பர் நண்டின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கொடுக்கு மங்கிவிடும். என் கேமராவில் படம் பதியும் சென்சார் விரல் நகத்தை விடச் சின்னது. ஜூம் இல்லாமல் 5 செ.மீ.யில் எடுத்தால் கண், கொடுக்கு, பின்னால் இருக்கும் வளை, அதற்கும் பின்னால் தண்ணீர் என்று எல்லாம் ஓரளவு தெளிவாக வரும். எந்தச் சேற்றில் அந்த நண்டு இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும். எனக்கு அதுதான் முக்கியம். எங்கள் ஆற்றில் அந்தச் சேறு வருஷா வருஷம் குறைந்துகொண்டு வருகிறது. நண்டை மட்டும் தனியாகக் காட்டும் படம் எனக்கு வேண்டாம்.

அதனால் அக்கா, கண்ணாடி மாட்டும் முன் இப்போது இருக்கிறபடியே செடி முழுதும் தெரிய, முட்டை உள்ள இலை முன்னால் இருக்க ஒரு படம் எடுத்துவிடுங்கள். பின்னால் ஜன்னல், தெரு எல்லாம் வரட்டும்.

கறிவேப்பிலைவீடு, ஞாயிறு மாலை 6:45

கழிமுகம் அண்ணா, எடுத்துவிட்டேன். இலைக்குப் பின்னால் ஜன்னல் கம்பியும், எதிர்வீட்டுக் கொடியில் காயும் லுங்கியும் தெரிகின்றன. மகளுக்கு இந்தப் படம்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

கண்ணாடிக் குழாயும் தயார். முட்டை திரையில் மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்தபோது இரண்டு பேரும் கத்திவிட்டோம். முட்டை மழமழவென்று இருக்கும் என்று நினைத்தோம், பளபளப்பே இல்லை. சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி மங்கலாக இருக்கிறது. உச்சியில் செம்பழுப்பாக ஒரு சின்னப் பொட்டு. வெறும் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

ஆனால் முட்டையின் முன்பக்கம் தெளிவாக இருந்தால் ஓரம் மங்கல். ஓரம் தெளிவானால் முன்பக்கம் மங்கல். பாதி அழுத்தினால் கட்டம் ஒருமுறை பச்சை, மறுமுறை மஞ்சள் என்று தடுமாறுகிறது.

ரெட்டேரிப்பறவை, ஞாயிறு மாலை 7:05

அந்தப் பொட்டு நல்ல சேதி, அக்கா! இந்த இனத்தில் கரு உண்டான முட்டைக்குத்தான் அப்படி உச்சியில் செம்புள்ளி வரும். பொரிக்கும் நேரம் நெருங்கும்போது முட்டை கருத்துவரும். அதைப் பார்த்தால் பக்கத்திலேயே இருங்கள். பெரும்பாலும் விடியற்காலையாக இருக்கலாம் என்பது என் அனுபவம்.

கணக்குப்பிள்ளை, ஞாயிறு இரவு 8:30

இவ்வளவு கிட்டே வந்தபின் தெளிவாக இருக்கும் ஆழம் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதைத் தாண்டினால் மங்கும். மேலே உருளைப் பொத்தானை ஏவி என்பதற்குத் திருப்பி அபர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, 8-ல் வையுங்கள். அந்தக் கேமராவில் அதுதான் கடைசி. கொஞ்சம் கூடும், ஆனால் முட்டை முழுக்க வராது.

ஆட்டோ ஃபோகஸை விட்டுவிடுங்கள். எம்எஃப் (கையால் ஃபோகஸ்) போட்டு ஒரு தூரத்தில் நிறுத்திவிட்டு, கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அரை மில்லிமீட்டரைக் கையால் நகர்த்த முடியாது. நான் செய்வது இப்படி.

கேமராவும் உப்புப் பாக்கெட்டும் ஒரு பலகை மேல் இருக்கட்டும். பலகைக்கு முன்னால், செடியின் பக்கம், அசையாத ஒரு செங்கல்லை வையுங்கள். செங்கல்லுக்கும் பலகைக்கும் இடையில் சீட்டுக்கட்டிலிருந்து 10 சீட்டைச் சேர்த்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். 52 சீட்டும் சேர்ந்து ஒன்றரை செ.மீ. உயரம் என்றால் ஒரு சீட்டு ஏறக்குறைய 0.3 மி.மீ. ஒரு படம் எடுங்கள். ஒரு சீட்டை உருவுங்கள், பலகையைத் திரும்பச் செங்கல் பக்கம் ஒட்டத் தள்ளுங்கள். இன்னொரு படம். இப்படிப் பத்துச் சீட்டும் தீரும்போது கேமரா 3 மி.மீ. முன்னேறியிருக்கும். அந்தப் பத்தில் ஒன்றாவது நெஞ்சில் அடித்த மாதிரி தெளிவாக இருக்கும்.

பின்னால் ஒருநாள் ஹியூஜின் என்ற இலவச மென்பொருளோடு வரும் கருவிகளை வைத்து அந்தப் பத்துப் படத்தில் தெளிவான பகுதிகளை மட்டும் ஒன்றாகச் சேர்க்கலாம். இப்போதைக்கு அதில் நேரம் போக வேண்டாம்.

உப்புக்காற்று, ஞாயிறு இரவு 8:52

சீட்டுக்கட்டு! அண்ணா, நான் இத்தனை நாளாக நெருப்புப்பெட்டியை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். நாளைக்கே மாற்றுகிறேன்.

கேனன் பவர்ஷாட்டுக்கு சிஎச்டிகே என்று ஒன்று இருக்கிறது. மெமரி கார்டில் ஏற்றினால் ஃபோகஸை நுணுக்கமாக நகர்த்தவும் ரா படம் (கேமரா சுருக்காத மூலப் படம்) எடுக்கவும் முடியும். ஏ570-க்கும் உண்டு. புழு வளர்ந்தபின் நிதானமாகப் பார்க்கலாம், அக்கா. பரீட்சைக்கு முந்தின நாள் புதுப் பேனா வாங்கக் கூடாது.

செல்போதும், திங்கள் காலை 7:40

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று சாயங்காலம் என் போனில் எங்கள் வீட்டு எலுமிச்சைச் செடியில் இருந்த புழுவை எடுத்தேன். பறவை எச்சம் மாதிரி இருந்தது, தொட்டதும் தலையிலிருந்து கொம்பு மாதிரி இரண்டு நீட்டியது, ஒரு வாடை. போனில் கொம்பு தெரிந்தது. ஆனால் கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன மாதிரி, பெரிதாக்கினால் ஒன்றுமில்லை. என் அப்பாவிடம் ஒரு பழைய நிகான் சின்னக் கேமரா இருக்கிறது. அதன் எல்லையை அளந்துவிட்டு வருகிறேன்.

ரெட்டேரிப்பறவை, திங்கள் காலை 8:00

தம்பி, நல்ல விஷயம். ஆனால் அந்தக் கொம்பு அது பயந்தால் நீட்டுவது. படத்துக்காகத் திரும்பத் திரும்பத் தொடாதீர்கள். சில பேர் பூச்சியைப் ஃபிரிட்ஜில் வைத்து மயங்க வைத்து எடுக்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது.

கறிவேப்பிலைவீடு, செவ்வாய் காலை 7:15

வந்துவிட்டது!

நேற்றிரவு பத்து மணிக்குப் பார்த்தபோது முட்டை பழுத்த பேரீச்சை மாதிரி கருத்திருந்தது. படி வளைவில் பாய் போட்டு நானும் மகளும் அங்கேயே படுத்தோம். நாலரைக்கு அலாரம். டேபிள் லாம்புக்கு முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டித் தயாராக வைத்திருந்தோம், ஜன்னலில் வெளிச்சம் இல்லாததால். சீட்டு 10 அடுக்கியாகிவிட்டது.

ஐந்தரை மணி இருக்கும். முட்டையின் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு துளை. உள்ளே கருப்பாக ஏதோ அசைகிறது. தலைதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து அகலப்படுத்தியது. மகள் சீட்டை உருவ, நான் அழுத்த, ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து நிமிர்ந்தபோது உடம்பெல்லாம் முள்முள்ளாக மயிர், நடுவில் வெளிறிய பட்டை. திரும்பி நின்று தன் ஓட்டையே தின்ன ஆரம்பித்தது. ஒரு கடி, ஒரு நிறுத்தம், ஒரு கடி.

மொத்தம் 86 படம். நான்கு நன்றாக வந்திருக்கின்றன. அதில் ஒன்றில் ஓட்டின் கிழிந்த விளிம்பும் புழுவின் வாயும் ஒரே தெளிவில் இருக்கின்றன. விளிம்பு பூரி உடைந்த மாதிரி மெல்லியதாக, ஒளி ஊடுருவித் தெரிகிறது. இலை மேல் கருப்புத் தூளும் தெரிகிறது. தினமும் துடைக்கிறோமே என்று பார்த்தால், கண்ணுக்குத் தெரியாமல் அவ்வளவு படிந்திருக்கிறது.

ஸ்டூடியோ1984, செவ்வாய் காலை 7:50

அம்மா, படத்தைப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். லாம்பு வலப்பக்கம் இன்னும் நான்கு விரல் தள்ளி இருந்திருந்தால் புழுவின் முதுகில் அந்த வெள்ளைத் திட்டு எரிந்திருக்காது. அடுத்த தடவை சரிசெய்துகொள்ளலாம். ஓட்டு விளிம்பில் வந்திருக்கும் வெளிச்சம் ஸ்டூடியோவில் வைத்திருந்தாலும் இதை விட நன்றாக வந்திருக்காது.

எண்ணூர்க்கழிமுகம், செவ்வாய் காலை 8:20

கருப்புத் தூளைத் துடைக்காமல் விட்டதற்கு நன்றி. அந்தப் படத்தை அப்படியே வைத்திருங்கள், தேதி போட்டு. எங்கள் பக்கத்து இலைகளையும் இதே அளவில் எடுத்து உங்கள் படத்தோடு வைத்துப் பார்க்க ஆசை.

கறிவேப்பிலைவீடு, செவ்வாய் இரவு 9:05

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கேமராத் திரையில் படத்தைக் காட்டினோம். பெரியவர் தன் இன்னொரு கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். “இதுக்கு வாய் இருக்கே” என்றார். பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார், கடையில் ஒட்டுவாராம். கண்ணாடியை வாங்கிக்கொள்ளவில்லை, பாப்பாவே வைத்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார்.

தொட்டியைத் திரும்ப மாடிக்குக் கொண்டுபோகும்போது மகள் அடிப்பக்க இலைகளைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னும் இரண்டு முட்டை இருக்கிறதாம். ஒன்றின் உச்சியில் பொட்டு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ரெட்டேரிப்பறவை தங்கச்சி, பொட்டு இல்லாதது நேற்று வைத்ததாக இருக்குமா? எத்தனை நாள் காத்துப் பார்க்கலாம்?